மோடத்தில் விளக்கு எரிகிறது, நெட் மட்டும் ஏன் வரவில்லை?

நெட் நின்றுவிட்டால் பெரும்பாலான வீடுகளில் மோடத்தை ஒருமுறை அணைத்துப் போடுவார்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும், ஆனால் எது கெட்டிருந்தது என்பது தெரியாமலே போய்விடும், நாலு நாள் கழித்து மறுபடியும் அதே தொல்லை. வீட்டு பிராட்பேண்ட் எந்நேரமும் ஆனில் இருக்கிறது என்கிறோமே, அது ஒரே இணைப்பு இல்லை. எக்ஸ்சேஞ்சுக்கும் மோடத்துக்கும் இடையே லைன், அந்த லைன் மேல் உங்கள் கணக்கின் லாகின், அப்புறம் மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே ஒரு இணைப்பு என்று மூன்று அடுக்கு. மூன்றில் எது விழுந்தாலும் நமக்கு நெட் இல்லை. எது விழுந்தது என்று மோடத்தின் விளக்குகளே சொல்லிவிடும்.

முதலில் லைன். டயல்-அப் காலத்தில் மோடம் நம் குரல் போகும் அதே 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் இடைவெளிக்குள்தான் பேசியது, அதனால் நெட்டில் இருந்தால் போன் எங்கேஜ்டு, வேகமும் 56 கிலோபிட்டைத் தாண்டாது. போன் கம்பியிலேயே வரும் பிராட்பேண்டான ஏ.டி.எஸ்.எல். வந்தபோது செப்புக் கம்பி மாறவில்லை, குரலுக்கு மேலே காலியாகக் கிடந்த அலைவரிசையை எடுத்துக்கொண்டார்கள். அதன் வேகமான பதிப்பான ஏ.டி.எஸ்.எல்.2+ ஏறத்தாழ 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், அதைச் சுமார் 4.3 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 512 சின்னச் சின்ன வழிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று அளந்து, தாங்குகிற அளவுக்கு மட்டும் டேட்டாவை ஏற்றும். சுவிட்சைப் போட்டதும் டி.எஸ்.எல். விளக்கு கொஞ்ச நேரம் சிமிட்டுகிறதே, அப்போது நடப்பது இந்த அளவெடுப்புதான். விளக்கு நிலையாக நின்றால் லைன் பிடித்துவிட்டது. இதில் யாருக்கும் டயல் செய்யவில்லை, போன் லைனையும் அடைக்கவில்லை, அதனால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கலாம்.

அந்த விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினால் குற்றம் கம்பியில் இருக்க வாய்ப்பு அதிகம், முதலில் பார்க்க வேண்டியது ஸ்பிளிட்டர், அதாவது குரலையும் டேட்டாவையும் பிரிக்கும் சின்னப் பெட்டி. சுவரிலிருந்து வரும் லைன் நேராக ஸ்பிளிட்டருக்குள் போய், அங்கிருந்து ஒன்று போனுக்கும் ஒன்று மோடத்துக்கும் பிரிய வேண்டும். படுக்கையறையில் ஸ்பிளிட்டர் இல்லாமல் ஒரு எக்ஸ்டென்ஷன் போன் இருந்தால், மணி அடிக்கும்போதும் ரிசீவரை எடுக்கும்போதும் நெட் விழும். அடுத்து சுவரில் இருக்கும் ரோசட் பெட்டி. மூடியைக் கழற்றிப் பாருங்கள். கம்பி முனை பச்சை பூத்திருக்கிறதா, ஸ்குரூ தளர்ந்திருக்கிறதா, வழியில் எங்காவது இரண்டு கம்பியை முறுக்கி வெறும் டேப் சுற்றியிருக்கிறார்களா? பச்சை பூத்த முனையை அரை அங்குலம் வெட்டி, புதிதாகச் சீவி, இறுக்கமாக முடுக்கினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். லைனில் சாதாரணமாக 48 வோல்ட் இருக்கும், மணி அடிக்கும்போது இன்னும் அதிகம், அதனால் வெறும் விரலால் கம்பியைத் தொட்டுக்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

அப்புறம் பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து மோடத்துக்குள் போய், ஸ்டேட்டஸ் பக்கத்தில் இரண்டு எண்களைப் பாருங்கள். எஸ்.என்.ஆர். மார்ஜின் என்பது இரைச்சலைத் தாங்க லைனுக்கு மிச்சமிருக்கும் இடைவெளி, அது 10 டெசிபலுக்கு மேல் இருந்தால் நிம்மதி, 6-க்குக் கீழே போனால் லைன் எப்போது வேண்டுமானாலும் விழும். அட்டெனுவேஷன் என்பது எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் வழியில் சிக்னல் எவ்வளவு தேய்ந்தது என்பது, 20, 30 டெசிபல் என்றால் நல்லது, 50-ஐத் தாண்டினால் வீடு தூரம் அல்லது கம்பி மோசம். நெட் நன்றாக ஓடுகிற நாளில் இந்த இரண்டையும் குறித்து வைத்துக்கொண்டால் கெட்ட நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பகலில் நன்றாக இருந்து இரவில் மட்டும் மார்ஜின் குறைகிறதா, அதற்கும் காரணம் உண்டு: மத்திய அலை வானொலி இரவில் வெகுதூரம் பரவும், அந்த அலைவரிசை ஏ.டி.எஸ்.எல். ஓடும் பகுதிக்குள்ளேயே வருகிறது.

டி.எஸ்.எல். நிலையாக எரிந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்திருந்தால் லைனை விட்டுவிடுங்கள், பிரச்சினை லாகினில். பி.பி.பி.ஓ.இ. என்ற முறையில் உங்கள் யூசர்நேமும் பாஸ்வேர்டும் நெட் தரும் நிறுவனத்தின் பக்கம் சரிபார்க்கப்பட்டு ஒரு ஐ.பி. முகவரி கிடைக்கும், அதற்குப் பின் இரு பக்கமும் 'இருக்கிறாயா' என்று அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் செஷன் கலையும். மோடம் டேட்டாவைக் கடத்த மட்டும் செய்யும் பிரிட்ஜ் முறையில் இருந்தால் இந்த லாகினைக் கம்ப்யூட்டர்தான் செய்ய வேண்டும், கம்ப்யூட்டரை அணைத்தால் இணைப்பும் போச்சு. லாகினை மோடமே செய்யும் ரவுட்டர் முறைக்கு மாற்றி, 'ஆன் டிமாண்ட்' (தேவைப்படும்போது மட்டும்) என்பதற்குப் பதில் 'ஆல்வேஸ் ஆன்' அல்லது 'கீப் அலைவ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். புது மோடம் வாங்கிப் போடும்போது லைனில் டேட்டா போகும் வழியைக் குறிக்க வி.பி.ஐ., வி.சி.ஐ. என்று இரண்டு எண் கேட்கும், பி.எஸ்.என்.எல். லைனுக்கு 0, 35. எம்.டி.யூ., அதாவது ஒரே தடவையில் போகும் டேட்டா பொட்டலத்தின் உச்ச அளவு, 1492 இருக்கட்டும், 1500 என்று விட்டால் சில தளங்கள் பாதியில் நின்றுவிடலாம்.

கரண்ட் திடீரென்று போய் வந்தபின் லாகின் ஏறவில்லையா? உங்கள் பழைய செஷன் உயிரோடு இருப்பதாகவே அந்தப் பக்கம் நினைத்துக்கொண்டிருக்கலாம், இரண்டாவது லாகினை ஏற்காது. மோடத்தை அணைத்து ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். உடனே உடனே அணைத்துப் போடுவதில் பயனில்லை.

விளக்கெல்லாம் சரி, பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் கம்ப்யூட்டரிலிருந்து 192.168.1.1-ஐ பிங் செய்து, அதாவது பதில் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அது பதில் தராவிட்டால் வைஃபை அல்லது கேபிள். அது வந்து, வெளியில் இருக்கும் கூகுள் முகவரியான 8.8.8.8-உம் வந்து, தளத்தின் பெயர் மட்டும் வராவிட்டால், பெயரை முகவரியாக மாற்றும் டி.என்.எஸ். அமைப்பை மாற்றினால் போதும்.

ஃபைபருக்கு மாறியவர்களுக்கும் கதை இதேதான், கம்பி மட்டும் கண்ணாடி. டி.எஸ்.எல். இருந்த இடத்தில் பான் (PON) விளக்கு, லைன் போனால் லாஸ் (LOS) விளக்கு சிவப்பாகும். பெட்டிக்கு வரும் மெல்லிய மஞ்சள் ஃபைபர் கேபிள் (பேட்ச் கார்டு) மேசைக்குப் பின்னால் மடங்கி அழுந்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஃபைபர் மடிந்தால் ஒளி கசிந்துவிடும். கழற்றினால் முனையைக் கண்ணால் பார்க்காதீர்கள், உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். செப்பு லைனில் கரண்ட் போனாலும் சாதாரண போன் வேலை செய்யும், ஃபைபரில் அது நடக்காது. பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுவதால் சின்ன யூ.பி.எஸ். ஒன்று வாங்கி வைப்பது நல்ல செலவு.

நீங்கள் தூங்கும்போதும் மோடம் விழித்திருக்கிறது, வெளியில் இருப்பவர்களுக்கும் அது எந்நேரமும் தெரிகிறது. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் ஆயிரக்கணக்கான மோடங்களை ஒரு மால்வேர் முடக்கியது, அது உள்ளே புகுந்தது பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட மோடங்களில். வைஃபை பாஸ்வேர்டு வேறு, அட்மின் பாஸ்வேர்டு வேறு, இரண்டையும் மாற்றுங்கள். தூரத்திலிருந்து மோடத்துக்குள் நுழைய வழிவிடும் ரிமோட் மேனேஜ்மென்ட், டெல்நெட் இரண்டையும் வெளிப்பக்கத்துக்கு அணைத்து வையுங்கள். இன்றைக்கே செய்யுங்கள், பத்து நிமிட வேலை.

புகார் கொடுக்கும்போது 'நெட் வரலை' என்று மட்டும் சொல்லாமல், 'டி.எஸ்.எல். நிலையாக இருக்கு, லாகின் ஆகலை' என்றோ 'மார்ஜின் 4-க்கு வந்துவிட்டது' என்றோ சொல்லுங்கள். முதலாவதற்கு லைன்மேன் வீட்டுக்கு வரவே வேண்டியதில்லை, இரண்டாவதற்கு அவர் நேராகக் கம்பத்துக்குப் போய்விடுவார்.