டேம், ஹைட்ராலிக் மாடலிங் பக்கம் வர்ற சிவில் பசங்க பண்ற தப்புகள்

2021ல அணை பாதுகாப்புச் சட்டம் வந்ததுக்கு அப்புறம் டேம் பிரேக் அனாலிசிஸ் (அணை உடைஞ்சா தண்ணி எங்க எவ்ளோ வரும்னு கணக்கு போடறது), எமர்ஜென்சி ஆக்‌ஷன் பிளான்னு இந்த லைன்ல வேலை இருக்கு, அதனால சிவில் முடிச்சவங்க நிறைய பேர் இதுக்குள்ள வரலாமானு கேக்கறாங்க, தாராளமா வாங்க. ஆனா முக்கால்வாசி பேர் ஆத்துல வெள்ளம் எப்படி போகும்னு கணக்கு போடற ஹெச்இசி-ராஸ் (HEC-RAS) ஓட்டத் தெரிஞ்சா போதும்னு நினைச்சிட்டு வர்றாங்க. அது ஃப்ரீ சாஃப்ட்வேர், வீடியோ பாத்தே ஓட்டிரலாம், கலர் கலரா மேப்பும் வந்துரும், நீங்க தப்பா எதைக் குடுத்தாலும் வரும், அங்கதான் வம்பே.

மேனிங்ஸ் n எடுத்துக்கோங்க, ஆத்துப் படுகை தண்ணியை எவ்ளோ தடுக்குதுனு சொல்ற நம்பர் அது. ஆத்துல இறங்கிப் பாக்காம மேல இருந்து கீழ வரைக்கும் 0.035னு ஒரே நம்பரைப் போட்டுருவாங்க, அங்க போய் நின்னா ஆத்துக்குள்ள ஆள் நுழைய முடியாத அளவுக்கு சீமைக்கருவேலம், அதுக்கு 0.07 போட்டாலும் தப்பில்ல. அகலமான ஆத்துல அதே வெள்ளத்துக்கு இந்த n ரெண்டு மடங்கானா ஆழம் ஒன்றரை மடங்கு ஆயிரும், ரிப்போர்ட்ல 4 மீட்டர்னு எழுதின இடத்துல 6 மீட்டர் தண்ணி நிக்கும். கரையோரத்துல இருக்கற தெருவுக்கு அந்த 2 மீட்டர் என்னன்னு சொல்லத் தேவையில்ல.

யூனிட் குழப்பம் இன்னொண்ணு. 1 கியூமெக்னா (செகண்டுக்கு ஒரு கன மீட்டர்) 35.3 கியூசெக் (செகண்டுக்கு கன அடி), 1 டிஎம்சி (நூறு கோடி கன அடி) ஒரு நாள்ல போகணும்னா சுமார் 11,574 கியூசெக், இது மண்டையிலயே இருக்கணும், இல்லனா மீட்டிங்ல ஈஇ (எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர்) கேக்கறப்ப முழிக்க வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர் இருக்கறப்ப பிசிகல் மாடல் (அணையை சின்னதா கட்டி தண்ணி விட்டுப் பாக்கறது) எதுக்குனு கேக்கறவங்களும் உண்டு. பூண்டியிலயோ புனே பக்கம் கடக்வாஸ்லாவிலயோ இருக்கற ஹைட்ராலிக்ஸ் ஆராய்ச்சி நிலையத்துக்கு வாய்ப்பு கெடைச்சா போய்ப் பாருங்க. 1:50 மாடல்ல டிஸ்சார்ஜ் ஸ்கேல் 50 பவர் 2.5, அதாவது மாடல்ல போற தண்ணியை விட நிஜத்துல சுமார் 17,700 மடங்கு போகும். மாடல்ல செகண்டுக்கு 1 லிட்டர் அளவு தப்பினா நிஜ அணையில 600 கியூசெக்குக்கு மேல தப்புது, அங்க ஏன் அவ்ளோ பொறுமையா அளக்கறாங்கனு அப்பதான் உறைக்கும்.

எல்லா ஷட்டரும் சரியா திறக்கும்னு மாடல்ல வச்சிக்கறது ரொம்ப காமன். 2022ல பரம்பிக்குளத்துல ஒரு ஷட்டர் போச்சு, 2024 ஆகஸ்ட்ல துங்கபத்ராவுல 19வது கேட்டோட செயின் அறுந்துச்சு. ரெண்டு கேட் ஜாம் ஆனா என்ன ஆகும்னும் ஒரு ரன் ஓட்டுங்க, அணையில கேட் இயக்கற ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து எந்த கேட் மக்கர் பண்ணுதுனு கேளுங்க, எந்த டிராயிங்லயும் அது இருக்காது.

ஜியாலஜி நம்ம சப்ஜெக்ட் இல்லனு ஒதுக்கிராதீங்க. 2017 பிப்ரவரில கலிஃபோர்னியாவுல ஓரோவில் அணையோட ஸ்பில்வே (உபரி தண்ணி வெளியேற கட்டின கான்கிரீட் பாதை) உடைஞ்சப்ப டிசைன் கொள்ளளவுல பாதி தண்ணி கூட போகல, ஸ்லாப்புக்கு அடியில சிதைஞ்ச பாறை, மேல ஜாயின்ட் வழியா உள்ள புகுந்த தண்ணி ஸ்லாப்பையே தூக்கிருச்சு, சுமார் 1,88,000 பேர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாச்சு.

அப்புறம் வேலைக்கு சேரும்போது சம்பளத்தோட சேத்து சைட் விசிட் உண்டானும் இன்டர்வியூலயே கேட்டுருங்க, இல்லனா ஏசி ரூம்ல வருஷக்கணக்கா மெஷ் (மாடலுக்கான கட்டங்கள்) மட்டும்தான் போட்டுட்டு இருப்பீங்க.