மாப்பிள்ளைக்கு உடை எடுக்கும் முன் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள்

2020 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகன், பிப்ரவரியில் எடுத்து வைத்த ஷெர்வானியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தான். மார்புப் பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி. வைகாசியில் நடக்க வேண்டிய கல்யாணம். மார்ச் 27ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் கொரோனா ஊரடங்கு வந்ததும் ஐப்பசிக்குத் தள்ளிப் போட்டோம். பதினோரு வாரம் வீட்டிலேயே இருந்ததில் பையனுக்கு உடம்பு வைத்துவிட்டது. "அத்தை, பிரிச்சுத் தைச்சுக் குடுத்துடுவீங்கல்ல?" என்றான். பக்கத் தையலைப் பிரித்தேன். உள்ளே விட்டிருந்த துணி கால் அங்குலம்கூட இல்லை. எதை வைத்து அகலப்படுத்துவது?

டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் முப்பது வருஷமாக வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் அப்பா டர்பனில் கிரே ஸ்ட்ரீட் கடைகளுக்குத் துணி வெட்டிக் கொடுத்தவர். இப்போது அந்தத் தெருவுக்கு டாக்டர் யூசுஃப் தாது தெரு என்று பெயர். எங்கள் வாயில் இன்னும் கிரே ஸ்ட்ரீட்தான். அந்த மாதம் கடை திறந்ததிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: மாப்பிள்ளைக்கு உடை எப்படி எடுப்பது? எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

முதலில் எப்போது போவது. அந்த மே மாதம் ஊரடங்கின் நாலாம் நிலையில் குளிர்காலத் துணிதான் விற்கலாம் என்று இருந்தது. அரைக்கை பனியனைக்கூட உள்ளே கதகதப்புக்குப் போடுவது என்று சொல்லித்தான் வைக்க வேண்டியிருந்தது. ஜூன் 1 முதல் கொஞ்சம் தளர்ந்த மூன்றாம் நிலை. பட்டும் சரிகையும் மறுபடி வெளியே வந்துவிட்டன. ஆனி பிறந்துவிட்டிருந்தது. ஆடி ஜூலை 16. ஆடியில் கல்யாணத் துணி எடுக்க மாட்டோம் என்கிற வீடுகளுக்குக் கையில் இருந்தது ஒரு மாதம்தான். "ஆவணியில் பார்த்துக்கலாம்" என்று விட்டால், அதற்கப்புறம் புரட்டாசி விரதம், தீபாவளி. அந்த நேரத்தில் எந்தத் தையல்காரர் வீட்டிலும் கை ஓயாது. செவ்வாய், புதன் காலையில் போங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் கிரே ஸ்ட்ரீட்டில் முஸ்லிம் கடைகள் பலவும் தொழுகைக்காக மூடியிருக்கும். அந்த நேரத்தில் போய் வெயிலில் நிற்காதீர்கள். துணிக்கடைகள் நிறைந்த ஜோஹன்னஸ்பர்க் ஓரியண்டல் பிளாசாவுக்கு ஒரு நடை போய் வரலாம் என்ற யோசனையை அப்போது விட்டுவிட வேண்டியிருந்தது. மாகாணம் விட்டு மாகாணம் துணி வாங்கப் போக 2020 ஜூனில் அனுமதி இல்லாமல் இருந்தது. சென்னைக்குப் போய் எடுத்து வருவதும் நடக்கவில்லை. இங்கே இருப்பதில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலையாக இருந்தது.

கடைக்கு மூன்று பேருக்கு மேல் போக வேண்டாம். மாப்பிள்ளை, துணி தெரிந்த ஒருவர், பணம் கொடுப்பவர். அம்மாவுக்கு மனசு கேட்காதுதான். வீடியோ கால் போட்டுக் காட்டுங்கள்.

சில கடைகளில் அந்த வருஷம் போட்டுப் பார்க்க விடவில்லை. எப்படியிருந்தாலும் வீட்டிலேயே அளவெடுத்து, தாளில் எழுதிக் கொண்டு போக வேண்டும். பிப்ரவரி அளவை நம்பாதீர்கள், நேற்று எடுத்த அளவுதான் அளவு. பனியனோடு நிற்க வைத்து மார்பின் அகன்ற இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லாதீர்கள். எல்லாப் பையன்களும் இழுத்துத்தான் பிடிப்பார்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுங்கள். தோள், கை நீளம், கழுத்து, இடுப்பு எல்லாம் எடுத்த பிறகு ஒரு நாற்காலியில் உட்கார வைத்து வயிற்றையும் இடுப்பின் கீழ்ப்பகுதியையும் மறுபடி எடுங்கள். நின்ற அளவுக்கும் உட்கார்ந்த அளவுக்கும் வரும் வித்தியாசத்தைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். மணவரையில் மாப்பிள்ளை நிற்பதை விட உட்காருவதுதான் அதிகம். உட்கார்ந்த அளவுதான் நமக்கு வேண்டியது.

ஷெர்வானிக்கு மார்பளவோடு நாலு அங்குலம் கூட்டிப் பாருங்கள். லைனிங்கும் உள்ளே போடும் ஜிப்பாவும் சேர்ந்து அந்த இடத்தைத் தின்றுவிடும். உடையைப் புரட்டி, பக்கத் தையலையும் முதுகின் நடுத்தையலையும் இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே ஒரு அங்குலமாவது துணி மடிந்து தடித்திருக்க வேண்டும். லைனிங் மூடியிருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். துணி இல்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஐப்பசிக்குள் பையன் உடம்பு ஏறுமோ இறங்குமோ, யார் கண்டது?

போட்டுப் பார்க்க விட்டால், கண்ணாடி முன் நிற்பதோடு முடித்துவிடாதீர்கள். சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள். குனிந்து பெரியவர் காலைத் தொடுவது போல் செய்யச் சொல்லுங்கள். பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டி, எதிரில் இருப்பவர் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடுவது போல. என் தம்பி கல்யாணத்தில் இரண்டாவது முடிச்சுப் போடும்போது அக்குளில் "சர்"ரென்று ஒரு சத்தம். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. நலங்குத் தட்டில் இருந்த துண்டை எடுத்து அவன் தோளில் போட்டு மறைத்தேன். படமெல்லாம் அந்தத் துண்டோடுதான் இருக்கிறது. அக்குளில் கைப்பகுதியை இறுக்கமாக வெட்டியிருந்தார்கள். தைத்த கடைக்கு எடுத்துப் போனபோது கையை விரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து எந்த மாப்பிள்ளை வந்தாலும் என் முன்னால் தாலி கட்டிக் காட்டாமல் அனுப்புவதில்லை.

இன்னொன்று, இது நம் ஊருக்கே உரிய சிக்கல். நாம் துணி எடுப்பது ஜூன் குளிரில். கட்டுவது ஐப்பசியில், டர்பனின் புழுக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது. இப்போது தோளில் போட்டால் கதகதப்பாக, சுகமாக இருக்கும் கனத்த ப்ரோகேட் துணி, ஹோமப் புகைக்கு முன்னால் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் லைனிங் வேண்டாம். பருத்தி லைனிங் போட்டுத் தரச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டியும் மெல்லிய ஜிப்பாவும் போதும். ஷெர்வானியை வரவேற்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

வேட்டிக்கு வருவோம். நாலு முழம் என்றால் ஏறக்குறைய 1.8 மீட்டர், ஒற்றைச் சுற்று. எட்டு முழம் 3.6 மீட்டர், இரட்டைச் சுற்று. மாப்பிள்ளைக்கு எட்டு முழம்தான் சரி, ஒற்றை வேட்டியில் சம்மணம் போட்டால் தொடை தெரியும். பஞ்சகச்சம் கட்டுகிற வீடு என்றால் "ஒன்பதைந்து" என்று கேளுங்கள்: ஒன்பது முழ வேட்டி, ஐந்து முழ அங்கவஸ்திரம். சேலம் வெண்பட்டு கிடைத்தால் விடாதீர்கள். புவிசார் குறியீடு பெற்ற நெசவு அது. கையில் எடுத்தால் கனம் தெரியும், வெண்மையில் ஒரு பால் நிறம் இருக்கும். சுத்தப் பட்டு என்று காட்டும் சில்க் மார்க் சீட்டு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். சந்தேகம் வந்தால் ஓரத்து நூல் ஒன்றிரண்டு கேட்டு வாங்கி, வீட்டில் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாசனையோடு எரிந்து, சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியாய் மணி போல் நிற்கும்.

அந்த வருஷம் எல்லாக் கடை வாசலிலும் கையில் சானிடைசர் ஊற்றினார்கள். ஈரக் கையோடு பட்டைத் தொடாதீர்கள். திட்டுத்திட்டாகக் கறை விழும், கடைக்காரர் முகமும் மாறும். நன்றாகக் காய்ந்த பிறகு தொடுங்கள்.

பெண்ணின் கூரைப்புடவைக்குப் பொருத்தமாகக் கரை எடுக்க வேண்டும் என்று வாட்ஸ்அப் படத்தைக் காட்டுகிறார்கள். படத்தில் அரக்கு, நேரில் மெரூன். சம்பந்தி வீட்டில் சொல்லி ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கரையோடு சேர்த்துப் பிடித்து, கடையின் குழல்விளக்கை விட்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து பாருங்கள்.

தலைப்பாகையும் அந்த வருஷத்து முகக்கவசமும் சண்டை போடும். காதில் மாட்டும் வளையத்தின் மேல் தலைப்பாகையை வைத்தால் காது மடங்கி, அரை மணியில் தலைவலி வந்துவிடும். பின்னால் கட்டும் நாடா வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், தலையளவைக் கவசம் கட்டிய பிறகு எடுங்கள். ஷெர்வானித் துணியிலேயே கவசம் கேட்டார்கள், தைத்துத் தந்தேன். ஆனால் மூக்குப் பக்கம் பருத்திதான். மூன்று அடுக்கு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஜூனில்தான் சொன்னது. அலங்காரத் துணியை வெளி அடுக்காக மட்டும் வையுங்கள்.

செருப்பு, சூட், டை எல்லாம் எங்கேயும் கிடைக்கும். மணவரையில் செருப்பைக் கழற்றத்தான் போகிறான். அதற்கு ஒரு நாளைச் செலவழிக்க வேண்டாம்.

பணம் கட்டும் விஷயத்தில் கவனம். லே-பையில், அதாவது உடையைக் கடையிலேயே ஒதுக்கி வைத்துத் தவணையாகப் பணம் கட்டி எடுத்தால், என்ன உடை, மொத்தத் தொகை, எப்போது தருவார்கள் என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். 2008ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் லே-பைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நீங்கள் கட்டிய பணம் உங்கள் பணம். கல்யாணத் தேதி மாறினால் என்ன செய்வார்கள் என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். 2020இல் எந்தத் தேதியும் நம் கையில் இல்லை என்பது கடைக்காரருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். நம் கடற்காற்று ஈரத்தில் உறைக்குள் பூஞ்சை பிடிக்கும், சரிகை கறுக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பதினைந்து நாளுக்கொரு முறை பிரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். பட்டு வேட்டி வழுக்கும்; பையன் பெல்ட் போட்டு மூன்று நான்கு தடவையாவது வீட்டில் கட்டிப் பழகட்டும். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் எல்லாவற்றையும் போட்டு, மறுபடி சம்மணம், மறுபடி தாலி முடிச்சு.

அண்ணன் மகனுக்குப் புதன்கிழமை போய் வேறு எடுத்தாயிற்று. பக்கத்தில் ஒன்றேகால் அங்குலம் உள்துணி இருக்கிறது. கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டச் சொன்னேன்.