பழைய மின்னணுக் கருவிகளுக்குப் பல மின்னழுத்த மின்வழங்கி அமைக்கும் முறை

பழைய கணினியோ அளவீட்டுக் கருவியோ இயங்காமல் போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதன் மின்வழங்கியைத்தான் (பவர் சப்ளை). மின்வழங்கி வெறுமனே நின்றுபோனால் நட்டம் சிறியது. அது பழுதாகும் வேளையில் 5 வோல்ட் செல்ல வேண்டிய வழியில் 8 அல்லது 9 வோல்ட்டை அனுப்பிவிட்டால், இன்று தயாரிப்பிலேயே இல்லாத சில்லுகள் நொடியில் எரிந்துபோகும். 1980களின் வீட்டுக் கணினியான கொமடோர் 64இன் பிசின் ஊற்றி மூடப்பட்ட மின்வழங்கி இப்படித்தான் பல கணினிகளின் நினைவகச் சில்லுகளை அழித்தது. ஆகவே, தான் பழுதானாலும் கருவியைப் பழுதாக்கக் கூடாது என்பதே புதிய மின்வழங்கிக்கு நான் வைக்கும் முதல் நிபந்தனை.

கருவியின் பழுதுநீக்கக் கையேட்டைப் பார்த்து, ஒவ்வொரு வழிக்கும் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், நேர்மின்சாரமா (டிசி) மாறுமின்சாரமா (ஏசி) என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. கொமடோர் 64 கணினிக்கு 5 வோல்ட் நேர்மின்சாரத்துடன் 9 வோல்ட் மாறுமின்சாரமும் வேண்டும். அதிலிருந்துதான் கணினி தனக்குத் தேவையான 12 வோல்ட்டை உண்டாக்கிக்கொள்கிறது, அதன் அலைவெண்ணைக் கொண்டுதான் உள்ளிருக்கும் கடிகாரம் நேரத்தை எண்ணுகிறது. அந்த இடத்தில் நேர்மின் அடாப்டர் எதுவும் பயன்படாது.

எடுத்துக்காட்டாக, +5 வோல்ட்டில் 1.5 ஆம்பியர், +12 மற்றும் −12 வோல்ட்டில் 0.3 ஆம்பியர், −5 வோல்ட்டில் மிகச் சிறிதளவு கேட்கும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். 5 வோல்ட் வழிக்கு 9 வோல்ட் மின்மாற்றி போதும்: 9ஐ 1.414ஆல் பெருக்கினால் 12.7 வருகிறது, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பிரிட்ஜ் டையோடுகளில் ஏறத்தாழ 1.8 வோல்ட் குறைய, மின்தேக்கியில் 11 வோல்ட் அளவு நிற்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மின்தேக்கி நொடிக்கு 100 முறை நிரப்பப்படுவதால், 10,000 மைக்ரோஃபாரட் வைத்தால் நிரம்பலுக்கு இடையே மின்னழுத்தம் ஏறியிறங்கும் அலைவு 1.5 வோல்ட்டுக்குள் அடங்கும். மின்தேக்கியை நிரப்பும் மின்னோட்டம் குறுகிய துடிப்புகளாகப் பாய்வதால், மின்மாற்றியின் திறனை நேர்மின்னோட்டத்தைப் போல 1.7 மடங்காகக் கணக்கிட வேண்டும், இங்கே 2.5 ஆம்பியருக்குக் குறையக் கூடாது. 12 வோல்ட் வழிகள் இரண்டிற்கும் 15-0-15 மின்மாற்றி (நடுமுனையின் இருபுறமும் 15 வோல்ட் தருவது) ஒன்றே போதும்.

வெளியீட்டை 5 வோல்ட்டில் நிலையாக வைக்கும் சாதாரண 7805 ரெகுலேட்டர் சில்லை 1.5 ஆம்பியரில் தொடர்ந்து ஓட்டுவதை நான் ஏற்கவில்லை. 3 ஆம்பியர் தாங்கும் எல்எம்323 போன்ற ஒன்றைப் வெப்பத்தை வெளியேற்றும் பெரிய உலோக ஹீட் சிங்க்கில் பொருத்துங்கள். அதில் 8 வாட் அளவுக்கு வெப்பம் எழும். மற்ற வழிகளுக்கு 7812 (+12), 7912 (−12), 7905 (−5) ரெகுலேட்டர்கள் போதும். இங்கே ஒரு பொறி உண்டு. 78 வரிசையின் உலோக முதுகு எர்த்துடன் (சுற்றின் 0 வோல்ட் பொதுமுனை) இணைந்தது. 79 வரிசையில் அது உள்ளீட்டுடன் இணைந்தது, கால்களின் வரிசையும் வேறு. மின்காப்புக்கான மைக்கா தகடும் பிளாஸ்டிக் வாஷரும் இல்லாமல் இரு வகையையும் ஒரே ஹீட் சிங்க்கில் திருகினால், எதிர்மின் உள்ளீடு நேராக எர்த்தில் ஷார்ட் ஆகிவிடும்.

இனி காவல். 5 வோல்ட் வெளியீட்டின் குறுக்கே ஒரு தைரிஸ்டரை (தூண்டினால் மின்சாரத்தைக் கடத்தும் மின்னணுச் சுவிட்ச்) வைத்து, அதைத் தூண்டும் முனையான கேட்டிற்கு, 5.6 வோல்ட்டைத் தாண்டினால் கடத்தும் ஜீனர் டையோடு வழியாக இணைப்புக் கொடுங்கள். கேட்டிலிருந்து எர்த்துக்கு 100 ஓம் மின்தடை ஒன்றும் வேண்டும். ரெகுலேட்டர் ஷார்ட் ஆகி வெளியீடு 6.3 வோல்ட் அளவுக்கு ஏறினால் தைரிஸ்டர் கடத்தத் தொடங்கி வழியை எர்த்துடன் சேர்த்துவிடும், ரெகுலேட்டருக்கு முன்னால் வைத்த ஃபியூஸ் எரிந்துவிடும். பழைய கருவிகளில் பரவலாக உள்ள 74 வரிசைத் தர்க்கச் சில்லுகளின் உச்ச வரம்பு 7 வோல்ட் என்பதால் இந்த இடைவெளி போதுமானது.

கருவியில் 4116 நினைவகச் சில்லுகள் இருந்தால் இன்னொரு கவனம் தேவை. அவற்றுக்கு −5 வோல்ட் முதலில் வர வேண்டும், கடைசியில் போக வேண்டும். அது இல்லாமல் +12 மட்டும் சென்றால் சில்லு சேதமடையும். −5 வோல்ட்டால் இயங்கும் சிறிய ரிலே ஒன்றின் தொடுமுனைகள் வழியாக +12 வோல்ட்டைக் கொண்டுசென்றால், −5 அற்றுப்போகும்போது +12 தானாகவே துண்டிக்கப்படும்.

மின்மாற்றியின் முதன்மைச் சுற்றில் ஃபியூஸும் சுவிட்சும் இருக்க வேண்டும், உலோகப் பெட்டி எர்த் செய்யப்பட்டிருக்க வேண்டும். வீட்டு மின்சாரம் வரும் முனைகள் அனைத்தையும் காப்பிட்டு மூடிவிடுங்கள். உள்ளே கை வைக்குமுன் இணைப்பைப் பிடுங்கி, மின்தேக்கி வடிந்துவிட்டதை மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டி முடித்த கையோடு கருவியில் செருகிவிடாதீர்கள். முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது வீட்டு மின்சாரம் வரும் கம்பியில் தொடராக ஒரு குண்டு பல்பை இணைத்தால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுக்கும். பல்பு மங்கலாகவே நின்றால் அதை நீக்கிவிட்டு, 5 வோல்ட் வழியில் 3.3 ஓம், 10 வாட் மின்தடையைப் பொருத்துங்கள், 1.5 ஆம்பியர் பாயும், மின்தடை தொட முடியாதபடி சுடும். அரை மணி நேரம் ஓடிய பிறகும் வெளியீடு 4.75க்கும் 5.25க்கும் இடையே நிற்கிறதா என்று பாருங்கள். இறுதியாக, செருகியின் ஒவ்வொரு முனையையும் கையேட்டின் படத்தோடு ஒப்பிட்டு மீட்டரில் அளந்த பிறகே கருவியோடு இணையுங்கள்.