ஹயட்டல் ஹெர்னியாவுக்கு வலை: முடிவெடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எங்க அண்ணாச்சிக்குத் தொடையிடுக்குல வல வச்சுத் தச்சாவ, ஒரு தொந்தரவும் இல்ல. எனக்கும் அதையே வச்சிருங்க." திருநெல்வேலிப் பக்கம் ஹெர்னியா ஆபரேஷன் என்றதும் இப்படிக் கேட்பது இயல்பு. முதல் தவறும் இதுதான்.

ஹெர்னியா திரும்ப வராதபடி, பலவீனமான இடத்துக்குத் தாங்கலாக வைப்பதுதான் வலை. தொடையிடுக்கில் வைக்கும் பாலிபுரொப்பிலீன் என்ற கரையாத பிளாஸ்டிக் வலை, குடலைத் தொடாமல் வயிற்றுச் சுவரின் அடுக்குகளுக்குள் தங்கிவிடும். ஹயட்டல் ஹெர்னியா வேறு. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் உணவுக்குழாய் இறங்கும் துவாரம் அகன்று, இரைப்பை நெஞ்சுக்குள் ஏறிவிடுகிறது. அந்த இடம் மூச்சுக்கு மூச்சு அசையும். விழுங்கும்போதெல்லாம் உணவுக்குழாய் விரிந்து சுருங்கும். கரையாத வலை அங்கே உரசி, காலப்போக்கில் உணவுக்குழாயை அரித்து உள்ளே புகுந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அரிதுதான். ஆனால் சிலருக்கு உணவுக்குழாயின் ஒரு பகுதியையே வெட்டி எடுக்க வேண்டி வந்திருக்கிறது.

"அப்படியானா கரையுற வலைதான் நல்லது, விலை கூடினாலும் பரவாயில்ல" என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. உடலுக்குள் மெல்லக் கரையும், பன்றிக் குடல் திசுவில் செய்த வலையை வைத்து அமெரிக்காவில் 108 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆறு மாதத்தில் ஹெர்னியா திரும்பியது தையல் மட்டும் போட்டவர்களில் 24 சதவீதம், வலை வைத்தவர்களில் 9 சதவீதம். 2006இல் வெளியான இந்த முடிவு பலருக்கும் நம்பிக்கை தந்தது. ஏறத்தாழ ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது அது முறையே 59, 54 சதவீதம் என்று கிட்டத்தட்ட சமமாகிவிட்டது. திரும்ப வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மறு ஆபரேஷன் தேவைப்படவும் இல்லை. ஆகவே எந்த வலை என்பதற்கு முன், வலையே வேண்டுமா என்று கேளுங்கள். துவாரத்தின் இருபுறத் தசைகளை இழுவிசை இல்லாமல் சேர்த்துத் தைப்பதும், உணவுக்குழாயை இரண்டரை, மூன்று சென்டிமீட்டராவது வயிற்றுக்குள் இறக்கி நிறுத்துவதும்தான் இந்த ஆபரேஷனின் உயிர். அது சரியாக அமையாவிட்டால் எந்த வலையும் ஈடுகட்டாது.

வலை எதில் செய்தது என்று கேட்கத் தயங்குவதும் தவறுதான். பன்றி, மாட்டுத் திசுக்களில் செய்தவை உண்டு. மேலப்பாளையத்து இஸ்லாமியர் வீட்டிலும் சுத்த சைவக்காரர் வீட்டிலும் இது பெரிய விஷயம். ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். விலங்குத் திசு கலவாத, கரையும் செயற்கை வலைகளும் இருக்கின்றன.

வலையை எப்படிப் பொருத்துவார்கள் என்றும் கேளுங்கள். துவாரத்தை ஒட்டி மேலே இதயம் இருக்கிறது. சிறு ஆணிபோல் அறையும் டேக்கர், இதய உறையைத் துளைத்து உயிர்போன நிகழ்வுகள் உண்டு. டேக்கரைவிடத் தையல் இங்கே பாதுகாப்பானது.

சறுக்கி ஏறும் சிறு ஹெர்னியா உள்ள பலருக்கு ஆபரேஷனே தேவைப்படாது. நெஞ்செரிச்சலை மாத்திரையும் உணவுப் பழக்கமும் கட்டுக்குள் வைக்கும். எண்டாஸ்கோப்பியை மட்டும் பார்த்துத் தேதி குறிக்காதீர்கள். உணவுக்குழாயின் அசைவை அளக்கும் மானோமெட்ரி பரிசோதனை பற்றியும் கேளுங்கள்.

வலை வைத்திருந்தால், அதன் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டி வாங்குங்கள். பின்னாளில் விழுங்கச் சிரமம் வந்தால், பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.