பணியிடச் சோர்வைக் கண்டறிந்து கையாள்வது எப்படி?

தூக்கம் போதாமல் வேலைக்கு வருபவரைச் சோம்பேறி என்றோ மன உறுதி இல்லாதவர் என்றோ எண்ணுவது பல பணியிடங்களில் இன்றும் தொடர்கிறது. ஆனால், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997-ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே சோர்வையும் மின்கசிவைப் போன்ற ஓர் அபாயமாகவே கருத வேண்டும்.

படி 1: அறிகுறிகளைக் கவனியுங்கள். கொட்டாவியும் கண் எரிச்சலும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பது, கருவியை எடுக்கப் போன இடத்தில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பது, சாதாரணக் கேள்விக்கும் எரிந்து விழுவது ஆகியவற்றைத்தான் நாம் தவறவிடுகிறோம். கடந்த சில நிமிடங்களில் என்ன செய்தோம் என்பதே நினைவில் இல்லையென்றால், கண்கள் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் உறங்கியிருக்கக்கூடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 4 விநாடிகளில் ஏறத்தாழ 90 மீட்டர் கடந்துவிடும்.

படி 2: கணக்கிடுங்கள். என்னைப் பொறுத்தவரை இதுவே மிக முக்கியமான படி, ஏனெனில் களைத்த மூளையால் தன் களைப்பைச் சரியாக எடைபோட முடியாது. 'நான் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்ற உணர்வை ஒதுக்கிவிட்டு, ஷிஃப்ட் தொடங்குமுன் கடந்த 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் எவ்வளவு தூங்கினீர்கள் என்று எழுதுங்கள். முதலாவது 5 மணி நேரத்துக்கோ இரண்டாவது 12 மணி நேரத்துக்கோ குறைவாக இருந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் நடவடிக்கையில் மாற்றம் தெரிந்தால் தயங்காமல் சொல்லும்படி உடன் பணிபுரிபவரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: வேலையை மாற்றி அமையுங்கள். அதிகாலை 3 முதல் 5 மணி வரையிலும், ஓரளவுக்குப் பிற்பகலிலும் விழிப்பு இயல்பாகவே தாழும் என்பதால், உயரத்தில் ஏறுதல், அளவுகளைச் சரிபார்த்தல் போன்றவற்றை வேறு நேரத்துக்குத் தள்ளுங்கள்.

படி 4: ஓய்வு எடுங்கள். 15 முதல் 20 நிமிடக் குட்டித் தூக்கம் உதவும். எழுந்ததும் சற்று நேரம் மந்தம் இருக்குமாதலால் உடனே இயந்திரத்தைத் தொடாதீர்கள். காபி சிறிது நேரத்துக்குக் கைகொடுக்கும், ஆனால் 5 மணி நேரம் கழித்தும் அதிலுள்ள கஃபீன் என்ற ஊக்கப்பொருளில் ஏறக்குறைய பாதி உடலில் தங்கி, அடுத்த தூக்கத்தைக் கெடுக்கும்.

படி 5: பணி அட்டவணையைக் கேள்வி கேளுங்கள். 2005-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பில் 15 பேர் இறந்தனர். அங்கே 29 நாட்களோ அதற்கும் மேலோ விடுப்பின்றி 12 மணி நேர ஷிஃப்டில் பணியாற்றியவர்கள் இருந்ததை விசாரணை கண்டறிந்தது. அத்தகைய அட்டவணையைத் தனியொருவரின் விழிப்புணர்வால் ஈடுகட்ட முடியாது.

போதிய அளவு தூங்கியும் வாரக்கணக்கில் சோர்வு நீடித்தால் இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் போன்றவை உள்ளனவா என்று மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து கண்கள் செருகினால், நீங்களே வண்டி ஓட்டாமல் பேருந்திலோ மற்றொருவருடனோ வீடு திரும்புங்கள்.