கிருஷ்ணகிரியில் பொதுச் சிற்பம்: இடம் பார்ப்பதிலிருந்து எண்ணெய்க் கறை எடுப்பது வரை

நகராட்சி மன்றத்தில் சிற்பம் வைக்கலாம் என்று பேச்சு எழுந்ததும் எல்லோரும் முதலில் யாருடைய உருவம் என்றுதான் கேட்பார்கள். அதற்கு முன் இடத்தை முடிவு செய்யுங்கள். சாலை, நடைபாதை போன்ற பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆகவே ரவுண்டானாவை விட்டுவிட்டுப் பூங்கா, நூலக வளாகம் என்று பாருங்கள். ஏரிக்கரை என்றால், நிலம் எந்த வகை என்று சொல்லும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டைப் பார்த்துவிடுங்கள். நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

தேர்வில் பெரிய தவறு, சாக்கடை வேலைபோல விலையை மட்டும் பார்த்து டெண்டர் விடுவது. குறைந்த விலைக்கு வருவது பெரும்பாலும் பெயின்ட் அடித்த சிமென்ட் சிலை. கம்பியின் மேல் 30 மி.மீ. பூச்சு இல்லையென்றால் சில மழைக்காலத்திலேயே கை, மூக்கு உடைந்து கம்பி தெரியும். இரண்டு உறை முறையில் கேளுங்கள். முதல் உறையில் முந்தைய வேலைகளின் படங்கள், பராமரிப்பு முறை பற்றி ஒரு பக்கம். அதோடு ஓரடி உயர மாதிரியும் ஒரு கல் துண்டும் வரட்டும். மாதிரிகளை 15 நாள் நகராட்சி அலுவலகத்தில் வைத்து மக்கள் கருத்தை எழுதி வாங்குங்கள். மதிப்பெண் போட்டுக் கையெழுத்தான பிறகே விலை உறையைப் பிரிக்க வேண்டும். பராமரிப்புத் தொகையையும் அதே எஸ்டிமேட்டில் சேருங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அது வருவதே இல்லை.

கருங்கல் கிடைக்கும் மாவட்டம் இது, சிமென்டுக்குப் போக வேண்டாம். கறுப்பு கிரானைட் கன அடிக்குச் சுமார் 85 கிலோ. 6 அடி உயரம், 2 அடி அகலம், 2 அடி கனமுள்ள கல் 24 கன அடி, அதாவது ஏறக்குறைய 2 டன். அடித்தளமும் கிரேன் வரும் வழியும் இந்தக் கணக்கில்தான் தீரும். குவாரியிலேயே சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்ல கல், டொக்கென்று அடங்கினால் உள்ளே விரிசல். சந்தேகம் தீரவில்லையென்றால் தண்ணீர் ஊற்றிக் காய விடுங்கள். கல்லின் மேற்பரப்பு காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அந்தக் கல்லைத் திருப்பி அனுப்புங்கள்.

பீடத்தோடு இணைக்க இரும்புக் கம்பி கூடவே கூடாது. துருப்பிடித்த இரும்பு பருத்துக் கல்லையே பிளந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் எபாக்ஸி பசையும் போடுங்கள். பீடத்தின் மேல்தளம் வெளிப்பக்கம் சரிந்திருந்தால் மழைநீர் தேங்காது.

நடுகல் வீரனை வேடியப்பனாகக் கும்பிடும் ஊர் இது. கல்லில் வீரன் உருவம் செதுக்கினால் எண்ணெயும் மஞ்சளும் வந்தே தீரும், தடுக்கவும் கூடாது. மூன்றடி முன்னால் தனி விளக்குக்கல் ஒன்று வைத்துவிடுங்கள். அதையும் மீறிப் படிந்த எண்ணெய்க்கு ஆசிட் ஊற்றாதீர்கள், அது கல்லில் உள்ள இரும்பைக் கிளப்பிப் பழுப்புக் கறையாக்கும். வெள்ளைக் களிமண் பொடியை அசிட்டோனில் பிசைந்து அரை அங்குல கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் 24 மணி நேரம் மூடி வையுங்கள். தாளை எடுத்து, காய்ந்ததும் மரத் தகட்டால் சுரண்டுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும், அன்றைக்குப் பக்கத்தில் விளக்கோ கற்பூரமோ வேண்டாம்.

சாதாரணத் தூசிக்கு மென்மையான சோப்பு, நைலான் பிரஷ் போதும். போர் தண்ணீரில் கழுவிக் காய விட்டால் வெள்ளை உப்புப் படியும். கடைசி அலசலுக்குக் குழாயில் வரும் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் எடுத்து உடனே துணியால் துடையுங்கள். விழாவுக்கு எனாமல் பெயின்ட் அடிப்பதை மன்றத் தீர்மானத்திலேயே தடை செய்யுங்கள், செதுக்கிய கோடுகளை அது அடைத்துவிடும்.

ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், ஜனவரியில், நான்கு பக்கமும் அதே இடத்தில் நின்று படம் எடுத்துப் பதிவேட்டில் ஒட்டுங்கள். பீட இணைப்பில் பழுப்புக் கோடு வழிந்திருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. கோடை மழைக்கு முன் இணைப்பை அடைத்துவிடுங்கள்.