இண்டெக்ஸ் இருந்தும் குவெரி மந்தமா?
ஒரு வாடிக்கையாளரின் 50 ஆர்டர்களைக் கேட்டால், டேட்டாபேஸ் அந்த 50 ரெக்கார்டுகளை மட்டும் எடுப்பதில்லை. இண்டெக்ஸ் இடத்தைக் காட்டினாலும், அவை கிடக்கும் பக்கங்களை (டேட்டாவை ஒரே அளவில் பிரித்து வைக்கும் துண்டுகள்) முழுசாகப் படிக்கிறது. வழக்கமாக போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு பக்கம் 8 கேபி, மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் 16 கேபி. ஆர்டர்கள் சிதறிக் கிடந்தால் 50 பக்கம்கூட ஆகும். சின்ன ரெக்கார்டுகள் ஒட்டிக் கிடந்தால் ஒன்றிரண்டு போதும்.

அதனால் ஒரே வாடிக்கையாளரின் ஆர்டர்களை ஒட்டி வைக்க வேண்டும். இன்னோடிபி ரெக்கார்டுகளை எப்போதும் பிரைமரி கீ (ஒவ்வொரு ரெக்கார்டையும் தனியாக அடையாளம் காட்டுவது) வரிசையில்தான் அடுக்கும். கீயை வாடிக்கையாளர் எண், ஆர்டர் எண் என்ற வரிசையில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. போஸ்ட்கிரெஸில், டேபிளை ஒரு இண்டெக்ஸின் வரிசைப்படி மாற்றி அடுக்கும் கிளஸ்டர் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அது ஓடும்வரை அந்த டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது (பகலில் ஓட்டித் திட்டு வாங்கியவன் சொல்கிறேன்). முடிந்ததும், டேபிள் பற்றிய புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையைக் கொடுங்கள். அதன்பின் வரும் புது ரெக்கார்டுகள் பழையபடி கிடைத்த இடத்தில்தான் உட்காரும். அவ்வப்போது கிளஸ்டரை மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.